மட்டை ஏந்திய பாதிரிகள்

போர்ச்சுக்கீசிய மாலுமிகள் நம் கடற்கரைக்குக் கொண்டுவந்து இறக்கிய சொற்களுள் 'பாதிரி' என்பதும் ஒன்று. 'பாத்ரே' என்றால் அவர்கள் மொழியில் தந்தை. நம் நாவில் அது 'பாதிரி' ஆயிற்று. பிறகு மரியாதைக்கு ஓர் 'ஆர்' சேர்ந்து 'பாதிரியார்' ஆயிற்று. இன்று அச்சொல்லை நாமே அதிகம் வழங்குவதில்லை. 'அருள்தந்தை' என்றோ 'சாமி' என்றோ அழைக்கிறோம். ஆனால் உலகின் மறுகோடியில், அமெரிக்காவின் கலிபோர்னிய மாநிலத்தின் தென்கோடி நகரமொன்றில், அதே சொல் பல்லாயிரம் தொப்பிகளிலும் சட்டைகளிலும் அச்சாகிக் கடைகளில் தொங்குகிறது. 'சான் டியேகோ பாத்ரேஸ்' என்பது அங்குள்ள பேஸ்பால் அணியின் பெயர். நம் வழக்கில் சொன்னால், 'சான் டியேகோ பாதிரிகள்'.

இளைய மகளின் இல்லத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தபோதுதான் எனக்கு இது தெரியவந்தது. ஏழாம் வகுப்பில் படிக்கும் பேரன் எந்நேரமும் அந்த அணியைப் பற்றிய துணுக்குகளை உதிர்த்துக்கொண்டேயிருப்பான். "தாத்தா, உங்களுக்குத் தெரியுமா?" என்றுதான் அவனது ஒவ்வொரு காலையும் தொடங்கும். வானொலியில் கிரிக்கெட் வருணனை கேட்டு வளர்ந்த எனக்கு, மட்டையால் அடித்துவிட்டு மட்டையைக் கீழே போட்டு ஓடும் இந்த ஆட்டம் முதலில் பிடிபடவில்லை. ஒருநாள் அரங்கத்துக்கே அழைத்துச் சென்றான். ஆட்டத்தின் நடுவே ஓர் உருவம் துள்ளிக் குதித்து வந்தது. பழுப்பு அங்கி, இடையில் கயிறு, உச்சி மழித்த தலை, கையில் மட்டை. 'மட்டை வீசும் துறவி' என்பது அதன் பெயராம். கூட்டம் ஆர்ப்பரித்தது, எனக்கோ நெஞ்சில் ஏதோ உறுத்தியது. உவரியிலும் புளியம்பட்டியிலும் நம் மக்கள் முழந்தாளிட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அந்தோணியாரின் அங்கியல்லவா அது? அதை உடுத்திக்கொண்டு ஒருவர் கோமாளியாய் ஆடலாமா? பேரனிடம் கேட்டேன். கேள்வியே அவனுக்குப் புரியவில்லை. ஆகவே நகர நூலகத்தில் அமர்ந்து படிக்கத் தொடங்கினேன். அணியின் ஆட்டக்காரர்களும் அலுவலர்களும் பற்றி அவன் உதிர்த்த துணுக்குகள் பலவும் மெய்யென்று கண்டேன். சிலவற்றின் பின்னே அவன் அறியாத கதைகளும் இருந்தன.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். 1769-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், பிரான்சிஸ்கன் துறவியான ஜூனிப்பெரோ செர்ரா அங்கே ஒரு பணித்தளத்தை நிறுவினார். கலிபோர்னியக் கரையோரம் எழுந்த 21 பணித்தளங்களுள் அதுவே முதலாவது. அந்தத் துறவியரின் நினைவாகவே, 1936-இல் நகருக்கு வந்த சிறிய அளவிலான தொழில்முறை அணிக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. அவ்வாண்டு அதில் சேர்ந்த 17 வயது உள்ளூர்ப் பையன்தான் பின்னாளில் பாஸ்டன் அணியின் பெருவீரராய் விளங்கிய டெட் வில்லியம்ஸ். அவருடைய தாயார் இரட்சணிய சேனையின் ஊழியர் என்பது பேரனுக்குத் தெரியாத துணுக்கு. 1969-இல், பணித்தளத்தின் 200-ஆம் ஆண்டில், அதே பெயருடன் புதிய அணியொன்று தேசிய லீக் எனப்படும் உயர்நிலைப் போட்டியில் அடியெடுத்து வைத்தது. துறவியரின் அங்கி நிறமே அணியின் நிறமாயிற்று. இடையில் நீலத்துக்கும் வேறு நிறங்களுக்கும் தாவியவர்கள், இரசிகர்களின் நீண்ட வேண்டுதலுக்குப் பின் 2020-இல் பழுப்புக்கே திரும்பினார்கள்.

ஒரு வேடிக்கை என்னவெனில், நகருக்குப் பெயர் தந்த புனிதர் பாதிரியே அல்லர். அல்காலா ஊரின் புனித தியேகோ, குருப்பட்டம் பெறாத பிரான்சிஸ்கன் சகோதரர். மடத்தின் வாயிற்காப்போராகப் பணியாற்றினார், உரோமை நகரில் நோய் பரவியபோது நோயாளிகளைப் பேணினார், 1463-இல் இறந்தார், 1588-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். என் மூத்த அண்ணனும் ஒரு துறவற மடத்தில் இப்படிப்பட்ட சகோதரராகவே வாழ்ந்து மறைந்தவர். நாற்பது ஆண்டுகள் சமையற்கட்டும் தோட்டமுமே அவருடைய பீடம். மடத்துக்கு வருபவர்கள் அவரிடம் "சாமி இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பாராமலே உள்ளே போவார்கள். அண்ணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் கோபம் வரும். பாதிரிகளின் பெயரால் ஓர் அணியும், பாதிரியல்லாத சகோதரரின் பெயரால் அதன் நகரமும் இருப்பதை அறிந்தபோது, அண்ணன் இருந்திருந்தால் சிரித்திருப்பார் என்று எண்ணினேன்.

இந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இது தோல்வியை அடிப்படைக் கணக்காக வைத்து ஆடப்படும் ஆட்டம். மட்டை பிடிப்பவர் பத்து முறைக்கு மூன்று முறை பந்தைச் சரியாக அடித்துத் தளத்தை அடைந்தால் அவர் மிகச் சிறந்தவர். எஞ்சிய ஏழு முறையும் தலைகுனிந்து திரும்ப வேண்டியதுதான். அந்தக் கலையிலும் நம் பாதிரிகள் கைதேர்ந்தவர்கள். முதலாண்டில் ஆடிய 162 ஆட்டங்களில் 110-இல் தோற்றார்கள். முதல் ஆறு ஆண்டுகளும் தங்கள் பிரிவில் கடைசி இடம் அவர்களுக்கே. 1974-இல் அணி வாஷிங்டன் நகருக்கு விற்கப்பட்டுவிடும் என்று நம்பிய அட்டைப்பட நிறுவனம், வீரர்களின் படங்களுக்குக் கீழே வாஷிங்டன் என்றே அச்சிட்டு விற்றும்விட்டது. சிறுவர்கள் சேர்க்கும் அந்த அட்டைகள், இல்லாத ஓர் அணியின் நினைவுச் சின்னங்களாய் இன்றும் கைமாறுகின்றன.

அந்த நேரத்தில் அணியை வாங்கி நகரிலேயே நிறுத்திவைத்தவர், மெக்டொனால்ட்ஸ் உணவகங்களை நாடெங்கும் பரப்பிய ரே கிராக். 1974 ஏப்ரல் 9-ஆம் நாள், சொந்த அரங்கில் அவ்வாண்டின் முதல் ஆட்டம். அணி தோற்றுக்கொண்டிருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் பொறுமையிழந்த முதலாளி, அறிவிப்பாளரின் ஒலிபெருக்கியைப் பற்றிக்கொண்டு, இத்தனை முட்டாள்தனமான ஆட்டத்தைத் தம் வாழ்நாளில் கண்டதில்லை என்று அரங்கம் அதிர முழங்கினார். அந்நேரம் பார்த்து ஆடையற்ற ஒருவன் மைதானத்துக்குள் ஓட, அவனைப் பிடிக்கச் சொல்லி அதே ஒலிபெருக்கியில் கத்தினார். பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. எதிரணியான ஹூஸ்டனின் டக் ரேடர் என்பவர், கிராக் தம் உணவகச் சமையற்காரர்களிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டார் போலும் என்று கேலி செய்தார். நகரத்துச் சமையற்காரர்களுக்கு இது சுருக்கென்று தைத்தது. அணி நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? ஹூஸ்டன் அணி அடுத்த முறை வந்தபோது, சமையற்காரரின் வெள்ளைத் தொப்பி அணிந்து வருவோர்க்கெல்லாம் நுழைவு இலவசம் என்று அறிவித்தது. ரேடரும் இலேசுப்பட்டவர் அல்லர். மேலங்கியும் தொப்பியும் அணிந்து, தம் அணியின் பெயர்ப்பட்டியலை ஒரு வாணலியில் வைத்து நடுவரிடம் நீட்டினார். ஒரு வசைச்சொல் சிரிப்பில் கரைந்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நம் பங்குகளில் ஆண்டு விழாச் சண்டைகள் இவ்வாறு முடிந்தால் எவ்வளவு நலமாயிருக்கும்!

அதே 1974-ஆம் ஆண்டு, அந்நகர வானொலி நிலையமொன்று, உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் விலங்குக் காட்சிச்சாலைக்கு வரும் குழந்தைகளுக்கு இனிப்பு முட்டைகள் வழங்க, கோழி வேடமிட ஓர் ஆளைத் தேடியது. டெட் ஜியானூலாஸ் என்ற கல்லூரி மாணவர் ஒப்புக்கொண்டார். சில நாள் வேலைதான். அந்த வேடத்துடனே பேஸ்பால் அரங்கத்துக்குள் போக அனுமதி கேட்டார். பிறகு வேடத்தைக் கழற்றவே இல்லை. 'சான் டியேகோ கோழி' நாடறிந்த நகைச்சுவை உருவமாயிற்று. வானொலி நிலையத்தாருக்கும் அவருக்கும் வழக்கு மூண்டு, முடிவில் அவர் தனியாகப் பிரிந்தபோது, 1979 ஜூனில் 47,000 பேர் முன்னிலையில் ஒரு பெரிய முட்டைக்குள்ளிருந்து மறுபடி 'பொரிந்து' வெளிவந்தார். அணி அப்போதும் தோற்றுக்கொண்டுதான் இருந்தது. பாதிரிகளைக் காண வராதவர்கள் கோழியைக் காண வந்தார்கள் என்று ஊரில் சொல்வதுண்டாம்.

நம் வாசகர்கள் மிகவும் இரசிக்கக்கூடியது இனி வருவது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர அணிக்கு 'கார்டினல்ஸ்' என்று பெயர். அது உரோமைக் கர்தினால்களைக் குறித்ததன்று. சட்டையின் செந்நிறத்தால் வந்த பெயர். ஆனாலும் நம் காதில் விழும்போது வேறென்ன தோன்றும்? 1982-இல் ஓசி ஸ்மித் என்ற தடுப்பாட்ட மேதையைப் பாதிரிகள் கார்டினல்களிடம் கைமாற்றிவிட்டார்கள். பாதிரியாய் இருந்தவர் கர்தினாலாய் உயர்ந்த அதே ஆண்டில், கார்டினல்ஸ் உலகக் கோப்பைக்கு நிகரான 'வேர்ல்டு சீரீஸ்' பட்டத்தை வென்றது. அதன்பின் 1996, 2005, 2006 என்று மூன்று முறை இறுதிக்கட்டச் சுற்றுகளில் இவ்விரு அணிகளும் மோதின. மூன்றிலும் பாதிரிகளை வென்றவர்கள் கார்டினல்களே. திருச்சபையின் படிநிலை பேஸ்பாலிலும் காக்கப்படுகிறது என்று பேரனிடம் சொன்னேன். 2020-இல்தான் அந்த ஒழுங்கு கவிழ்ந்தது. பெருந்தொற்றுக் காலம், அரங்கில் ஒருவரும் இல்லை. தீர்மானிக்கும் மூன்றாம் ஆட்டத்தில் ஒன்பது பந்தெறிவாளர்கள் ஒருவர்பின் ஒருவராய் வந்து, கார்டினல்களை ஓர் ஓட்டமும் எடுக்கவிடாமல் மடக்கினார்கள். யாரும் காணாத இடத்தில் நிகழ்ந்ததால் அதைக் கீழ்ப்படியாமை என்று கொள்ள வேண்டியதில்லை!

ஓர் ஆட்டம் முழுவதும் எதிரணிக்கு ஒரு 'ஹிட்' கூடக் கொடாமல் பந்தெறிவதை இவ்விளையாட்டில் பெரும் பேறாகக் கருதுகிறார்கள். 1970 ஜூலை 21 அன்று பாத்ரேஸின் கிளே கர்பி என்ற இளைஞர் எட்டு இன்னிங்ஸ்கள் அவ்வாறு எறிந்திருந்தார். ஆயினும் அணி ஓர் ஓட்டத்தால் பின்தங்கியிருந்தது. மட்டை பிடிக்க அவர் முறை வந்தபோது, பயிற்றுநர் பிரெஸ்டன் கோமெஸ் அவரை வெளியேற்றி வேறொருவரை அனுப்பினார். இரசிகர்கள் கூச்சலிட்டார்கள். அந்த மாற்றம் பலன் தரவில்லை. ஆட்டமும் தோல்வியில் முடிந்தது. அதன்பின் 51 ஆண்டுகள் அந்தப் பேறு அணிக்குக் கிட்டவேயில்லை. மற்ற 29 அணிகளும் பெற்றபின், 2021 ஏப்ரல் 9 அன்று, அணியின் 8,206-ஆவது ஆட்டத்தில் ஜோ மஸ்குரோவ் அதைச் சாதித்தார். அவர் வெளியூரிலிருந்து பெருந்தொகைக்கு அமர்த்தப்பட்ட நட்சத்திரம் அல்லர். சான் டியேகோவை ஒட்டிய எல் கஹோனில் பிறந்து, இதே அணியைப் பார்த்து வளர்ந்தவர். ஏப்ரல் 9 என்ற நாள் உங்களுக்கு நினைவிருக்கும். முதலாளி ஒலிபெருக்கியைப் பிடுங்கிய நாளும் அதுவே.

ஏப்ரல் 9 இன்னோரிடத்திலும் வருகிறது. அணியின் தொடக்ககால நாயகர் நேட் கோல்பர்ட் 1946-இல் பிறந்த நாள் அது. செயின்ட் லூயிஸ் நகரச் சிறுவனான அவர், எட்டு வயதில், 1954 மே 2 அன்று அரங்கில் அமர்ந்திருந்தார். ஒரே நாளில் நடந்த இரட்டை ஆட்டங்களில் ஸ்டான் முசியல் ஐந்து 'ஹோம் ரன்'கள் அடித்ததைக் கண்டார். அதுவரை யாரும் செய்யாத சாதனை அது. 18 ஆண்டுகள் கழித்து, 1972 ஆகஸ்ட் முதல் நாள், அட்லாண்டாவில் அச்சாதனையைச் சமன் செய்தவர் அதே கோல்பர்ட். அந்நாளைக் கண்ட பல்லாயிரம் கண்களுள் ஒரு ஜோடி மட்டும் அதை அப்படியே சுமந்து சென்றிருக்கிறது. இதைப் படித்தபோது நூலகத்தில் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். பேரன் ஆட்டத்தை எப்படி இமைக்காமல் பார்க்கிறான் என்பது நினைவுக்கு வந்தது.

அணியின் வருணனையாளர் ஜெரி கோல்மன் ஒரு தனிப்பிறவி. வருணனையில் அவருடைய நாக்குப் பிறழ்வுகள் பெயர்பெற்றவை. எல்லைச் சுவரில் மோதியது வீரரின் தலையா பந்தா என்று கேட்பவர் திகைக்கும்படி ஒருமுறை சொன்னாராம். உருண்டோடியது எது என்பது இன்றுவரை வேடிக்கையாய்ப் பேசப்படுகிறது. நல்ல ஆட்டத்தைக் கண்டால் வருணனை அறையிலிருந்து ஒரு கம்பில் நட்சத்திரத்தைக் கட்டித் தொங்கவிடுவார். இத்தனை விளையாட்டுத்தனம் கொண்டவர், இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் 120 முறை போர் விமானம் ஓட்டியவர். உயர்நிலைப் பேஸ்பால் வீரர்களுள் இரு போர்களில் களம் கண்டவர் அவர் ஒருவரே. 2014-இல், 89-ஆம் வயதில் மறைந்தார். அரங்கத்தில் அவருக்குள்ள சிலை, ஒலிவாங்கியுடன் அன்று, விமானியின் உடையில் நிற்கிறது.

சான் டியேகோ கடற்படை நகரம். ஆகையால் படைவீரரைப் பெருமைப்படுத்த, 2000-ஆம் ஆண்டு முதல் சில ஆட்டங்களில் வீரர்கள் இராணுவப் புள்ளியுடை அணிந்து ஆடலானார்கள். ஞாயிறுகளில் பயிற்சிப் படையினர் வரிசையாய் வந்து மேல்தளத்தில் அமர்வதும் உண்டு. அதில் எனக்கொரு முரண் தோன்றியது. 1774-இல் துறவியர் தங்கள் பணித்தளத்தைக் கோட்டையருகிலிருந்து பெயர்த்து உட்புறத்துக்குக் கொண்டுபோனார்கள். நீரும் நிலமும் ஒரு காரணம். படைவீரர்களின் தொல்லையிலிருந்து விலகியிருப்பது இன்னொரு காரணம். இதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

டோனி குவின் என்ற பெயரைச் சொல்லாமல் இந்த அணியைப் பேச முடியாது. 1981-இல் ஒரே நாளில் இரண்டு தொழில்முறை அணிகள் அவரைத் தேர்ந்தெடுத்தன. பேஸ்பாலுக்குப் பாத்ரேஸ்; கூடைப்பந்துக்கு அதே நகரத்தின் கிளிப்பர்ஸ். அவர் மட்டையைத் தேர்ந்தார். 1982 முதல் 2001 வரை 20 பருவங்கள், ஒரே அணி. எட்டு முறை லீக்கின் சிறந்த மட்டையாளர், 3,141 ஹிட்டுகள். தலைசிறந்த பந்தெறிவாளரான கிரெக் மேடக்ஸை 107 முறை எதிர்கொண்டும் ஒருமுறைகூட மூன்று பந்து தவறவிட்டு வெளியேறியதில்லை. 1983-இல் காயமுற்றிருந்தபோது, வெளியூர் ஆட்டங்களை வீடியோ நாடாவில் பதிந்து வைக்கும்படி தம் மனைவி அலிசியாவிடம் கேட்டார். அந்த நாடாவை ஓட்டி ஓட்டித் தம் பிழைகளைத் தாமே கண்டார். பிறகு எங்கு சென்றாலும் பெட்டி நிறைய ஒளிநாடாக்கள். இன்று எல்லா அணிகளும் கணினியில் செய்யும் வேலையை ஒரு குடும்பம் வரவேற்பறையில் தொடங்கி வைத்தது. 1994-இல் அவருடைய சராசரி .394, டெட் வில்லியம்ஸ் 1941-இல் எட்டிய.406-க்குப் பிறகு யாரும் தொடாத உயரம். ஆகஸ்ட் 12 அன்று வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்க, அந்தப் பருவமே அங்கு நின்றுபோயிற்று.

அவருக்கொரு பழக்கம் இருந்தது. நம் ஊர்ப் பெரியவர்களின் சுருக்குப்பையில் இருக்குமே, அதே புகையிலை. அதை ஈற்றில் அடக்கிக்கொண்டே ஆடினார். உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோய்க்கு அதுவே காரணம் என்று அவரே நம்பினார். 2014 ஜூன் 16 அன்று, 54 வயதில் இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, உயர்நிலைப் பேஸ்பாலில் புதிதாக நுழைவோர் களத்தில் புகையிலை மெல்லக்கூடாது என்ற விதி ஒப்பந்தத்தில் ஏறியது.

டிரெவர் ஹாஃப்மன் என்பவர் கைக்குழந்தையாயிருக்கையிலேயே ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் வெற்றியைக் காத்துத் தருவதில் மன்னர். 601 முறை காத்தார். 1998 முதல் அவர் மைதானத்துக்குள் நடந்து வரும்போது ஒலிபெருக்கியில் கணீர் கணீரென்று ஆலயமணி போல் மணியடிக்கும். அந்தப் பாடலின் பெயரைப் பேரனிடம் கேட்டேன். 'நரகத்தின் மணிகள்' என்று பொருள் வருமாறு சொன்னான். பாதிரிகளின் அரங்கில் நரகத்தின் மணி! அதற்கும் அங்கே ஒருவரும் முகம் சுளிப்பதாகத் தெரியவில்லை.

இந்த அணியை விட்டுப் போனவர்களுக்கே பட்டம் கிட்டும் என்பதும் ஒரு துணுக்கு. இங்கே அலுவலகப் பணியில் இருந்துகொண்டே, நகரின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற தியோ எப்ஸ்டீன் என்ற இளைஞர், பின்னர் பாஸ்டன் அணியின் 86 ஆண்டுக் காத்திருப்பையும் சிகாகோவின் 108 ஆண்டுக் காத்திருப்பையும் முடித்துவைத்த நிர்வாகி ஆனார். பன்னிரண்டு பருவங்கள் இங்கே பயிற்றுநராயிருந்த புரூஸ் போச்சி, வேறிடம் சென்றபின் நான்கு பட்டங்கள் வென்றார். பாத்ரேஸோ 1984-இலும் 1998-இலும் மட்டுமே இறுதிக்கு வந்து, இரண்டிலும் தோற்றது. 2025 பருவம் முடியும்வரை ஒரு பட்டமும் இல்லை.

அந்த 1984-ஆம் ஆண்டு அணியைப் பேரன் பெருமையாகச் சொல்வான். அதன் படத்தை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். அதில் ஆலன் விக்கின்ஸ் இருக்கிறார். அவ்வாண்டில் 70 தளங்களைத் திருடி ஓடியவர். போதைப் பழக்கம் அவரை விழுங்கியது. 1991 ஜனவரியில், 32 வயதில் இறந்தார். எய்ட்ஸ் நோயால் இறந்ததாக அறியப்பட்ட முதல் உயர்நிலைப் பேஸ்பால் வீரர் அவர். தந்தை இறக்கும்போது சிறு குழந்தையாயிருந்த மகள் கேண்டிஸ், பின்னர் புகழ்பெற்ற கூடைப்பந்து வீராங்கனையானார். அதே படத்தில் எரிக் ஷோவும் இருக்கிறார். அணிக்காக 100 வெற்றிகள் பெற்ற பந்தெறிவாளர், ஜாஸ் கிதார் வாசிப்பவர். அவரும் 37 வயதில் போதைக்குப் பலியானார். துணுக்குகளில் இவர்களைப் பற்றி எண்கள் மட்டுமே வருகின்றன. எழுபது, நூறு. அவ்வளவுதான்.

இனி, பின்னர் சொல்வதாகச் சொன்னது. அந்த நிலத்தின் பூர்வகுடிகள் குமியாய் என்னும் மக்கள். 1775 நவம்பரில் அவர்கள் திரண்டு வந்து பணித்தளத்தைத் தீயிட்டார்கள். அருள்தந்தை லூயிஸ் ஜேமி கொல்லப்பட்டார். இந்த ஜேமிதான், ஸ்பானியப் படைவீரர்கள் குமியாய்ப் பெண்களுக்கு இழைத்த கொடுமைகளை 1772-இலேயே எழுத்தில் கண்டித்தவர். அந்த மக்களுக்காகப் பேசிய பாதிரியே அவர்கள் கையால் இறந்தார். செர்ரா, கொன்றவர்களுக்கு மன்னிப்பு வழங்குமாறு அரசுப் பிரதிநிதியை வேண்டினார். 2015 செப்டம்பர் 23 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் செர்ராவை வாஷிங்டனில் புனிதராக அறிவித்தபோது, பூர்வகுடி மக்களுள் பலர் வேதனையோடு எதிர்த்தார்கள். பணித்தள முறையில் தங்கள் முன்னோர் இழந்த உயிர்களையும் மொழியையும் வாழ்வையும் நினைவூட்டினார்கள். இவ்விரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்வது கடினந்தான். ஆயினும் வைத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்று எனக்குப்பட்டது. அரங்கத்தில் ஆடும் துறவி வேடத்தால் அங்கிக்கு நேரும் இழிவைவிட, இந்த நெருப்பை மறப்பதால் நேரும் இழிவு பெரிதல்லவா?

நகருக்குக் குடிநீர் வேண்டி 1930-களில் அணை கட்டியபோது, குமியாய்க் குடும்பங்கள் மீண்டும் இடம்பெயர்ந்தன. ஒரு பகுதியினர் பரோனா என்னுமிடத்தில் குடியேறினார்கள். அந்தப் பரோனாவில் வளர்ந்தவர் மாட் லசாப்பா. இடக்கைப் பந்தெறிவாளர். 1993-இல் பாத்ரேஸ் அவரைத் தேர்ந்தெடுத்து, இளையோர் பயிலும் கீழ்நிலை அணிகளில் சேர்த்தது. பணித்தளத்தை எரித்த மக்களின் வழித்தோன்றல், பாதிரிகளின் பெயர் பொறித்த சட்டை அணியும் நாளை எதிர்நோக்கியிருந்தார். 1996 ஏப்ரலில், இருபது வயதே நிரம்பிய அவர், களத்துக்குள் செல்லுமுன் ஓரத்தில் பந்தெறிந்து உடலைப் பதப்படுத்திக்கொண்டிருக்கையில் மாரடைப்பால் சரிந்தார். உயிர் மீண்டது, ஆனால் மூளை பாதிக்கப்பட்டது. சக்கர நாற்காலியே வாழ்வாயிற்று.

அமெரிக்காவில் மருத்துவச் செலவு ஒரு குடும்பத்தை அடியோடு சாய்த்துவிடும். வேலையும் அதனோடு வரும் காப்பீடும் போனால் எல்லாம் போயிற்று. ஒரு வீரரால் இனி ஆட முடியாது என்றால் அணி அவரை விடுவித்துவிடும். அது தொழில் வழக்கம், யாரும் குறை சொல்வதில்லை. பாத்ரேஸின் கீழ்நிலை அணிகளை நிர்வகித்து வந்த பிரிசில்லா ஒப்பன்ஹைமர் என்ற அலுவலர் வேறொரு வழி கண்டார். அடுத்த பருவத்துக்கும் லசாப்பாவோடு ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதற்கடுத்த பருவத்துக்கும். கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட்டது; காப்பீடு நிற்கவில்லை. இடையில் அணியின் உரிமையாளர்கள் மாறினார்கள். பயிற்றுநர்கள் வந்து போனார்கள். பழைய அரங்கத்தை விட்டு 2004-இல் புதிய அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒப்பந்தம் மட்டும் தொடர்ந்தது.

இந்தக் கதையைப் பேரனிடம் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "அப்படியானால் அது என்ன ஒப்பந்தம் தாத்தா?" என்பதே. கருணைத்தொகையா, ஓய்வூதியமா என்று அறிய விரும்பினான். இரண்டும் இல்லை, மற்ற இளம் வீரர்கள் கையெழுத்திடும் அதே விளையாட்டு வீரர் ஒப்பந்தம் என்றேன். சற்று யோசித்தான். பிறகு தன் குறிப்பேட்டை எடுத்து, பந்தெறிவாளர்களின் பெயர்கள் உள்ள பக்கத்தைத் திருப்பி, ஹாஃப்மனுக்கும் மஸ்குரோவுக்கும் கீழே அவர் பெயரை எழுதினான்.